குமரேசனுக்கு: சூப்பர்சார்ஜர் கெடக்கட்டும், மொதல்ல பிரேக் ஆயில மாத்து

டேய் குமரேசா,

மெயில் பாத்தேன். நாலு பாரா ஊர்க்கதை எழுதிட்டு கடைசி வரியில போற போக்குல "ஒரு மஸ்டாங் எடுத்துட்டேன்டா"ன்னு போடற பாரு, அந்த குசும்பு இன்னும் உன்ன விட்டு போகல. அப்பாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முஞ்சதுல சந்தோஷம், சொட்டு மருந்த மட்டும் நேரம் தவறாம விட சொல்லு, கொஞ்சம் பளிச்சுன்னு தெரிய ஆரம்பிச்சதுமே இவங்க எல்லாம் மருந்த நிறுத்திடுவாங்க. இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவ காலேஜ் அப்ளிகேஷன்ல இருக்கா, வீட்ல யாரும் சத்தமா பேசக்கூடாதாம். மத்தபடி ஆபீஸ், வீடு, மாசத்துல ஏதாவது ஒரு சனிக்கிழமை கெடச்சா தண்டர்ஹில் ரேஸ் ட்ராக், அவ்ளோ தான்.

சரி வண்டிக்கு வரேன். 2016 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, மேனுவல் கியர், 5 லிட்டர் வி8, 435 குதிரை. வருஷத்துக்கு மூணு நாலு தடவ ட்ராக் டே (சொந்த வண்டிய ரேஸ் ட்ராக்ல ஓட்டற நாள்) போகணும், மத்த நாள் ஆபீசுக்கு ஓட்டணும், மொதல்ல பவர ஏத்தற சூப்பர்சார்ஜர் போடவா எக்ஸாஸ்ட் மாத்தவான்னு கேட்டிருக்க. ரெண்டும் வேணாம்டா. அந்த வண்டியில எதுக்கு வேணா பஞ்சம் வரும், பவருக்கு வராது. நிக்கறதுக்கும் சூட்ட தாங்கறதுக்கும் தான் வழி பண்ணணும், நீ செலவு பண்ற ஒவ்வொரு டாலரும் அங்க தான் போகணும்.

சும்மா சொல்லல, கணக்கு போட்டு பாரு, நீயும் மெக்கானிக்கல் தானே. உன்னையும் சேத்து வண்டி சுமார் 1,750 கிலோ. நேர் ரோட்ல 120 மைல் வேகத்துல வந்து வளைவுக்கு முன்னாடி 50க்கு எறக்குறேன்னு வச்சுக்கோ, அரை எம் வி ஸ்கொயர் போட்டா 2 மெகாஜூலுக்கு மேல வருது. ஏழு லிட்டர் குழாத் தண்ணிய கொதிக்க வைக்கற சூடு அது, மூணு நாலு செகண்ட்ல, பெரும்பகுதி முன்னாடி ரெண்டு டிஸ்க்ல போய் எறங்குது. அடுத்த லேப்ல திரும்ப அதே. 20 நிமிஷ செஷன் முழுக்க அதே. ஹைவேல நீ எவ்ளோ வேகமா ஓட்டினாலும் இந்த மாதிரி அடுத்தடுத்து பிரேக்க மிதிக்கற வேலையே இல்ல, அதனால தான் ரோட்ல அருமையா நிக்கற வண்டி ட்ராக்ல மூணாவது லேப்ல பல்ல இளிக்குது.

போன தடவ தண்டர்ஹில்ல கண்ணால பாத்தேன். ஒருத்தர் 700 குதிரைக்கு மேல உள்ள வண்டியோட வந்தாரு, சத்தத்துக்கே எல்லாரும் கூடி நின்னு பாத்தாங்க, மொத செஷன் பாதியிலயே பெடல் தரையோட ஒட்டி போச்சு, மெதுவா உருட்டிக்கிட்டு வண்டிங்க நிக்கற பிட்டுக்கு வந்தவரு மதியானம் வரைக்கும் மடக்கு நாற்காலில உக்காந்து மத்தவங்க ஓட்டறத பாத்துக்கிட்டு இருந்தாரு. அந்த ட்ராக் இருக்கற வில்லோஸ் ஊர் வெயில் வேற, கோடையில 100 டிகிரி ஃபாரன்ஹீட்ட சர்வசாதாரணமா தாண்டும்.

அவருக்கு நடந்தது ஆயில் கொதிச்சது. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், அது அதோட குணம். டாட் 4ங்கற தரத்துல புது ஆயில் குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காம நிக்கணும்னு விதி, ஈரம் ஏறின பழசுக்கு அதே விதி 155 தான். கொதிச்சா லைன்ல ஆவி குமிழ் வரும், ஆவிய அமுக்கலாம் ஆயில அமுக்க முடியாது, அதனால நீ மிதிக்கறது எல்லாம் குமிழ அமுக்கறதோட முடிஞ்சிடும், டிஸ்க்க பிடிக்கற காலிப்பருக்கு ஒண்ணும் போய் சேராது. மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி ரேஸ் ஆயில் புதுசுல 312 டிகிரி தாங்கும், விலையும் ஒண்ணும் பெருசு இல்ல. பழச முழுசா எடுத்துட்டு அத ஊத்து, வருஷத்துக்கு ஒரு தடவ மறக்காம மாத்து, ட்ராக் டேக்கு முன்னாடி பிளீட் பண்ணு, அதாவது லைன்ல இருக்கற காத்த வெளியேத்து. டாட் 5ன்னு எழுதின சிலிக்கோன் சமாச்சாரத்த மட்டும் தொடாத, அது வேற ஜாதி, 5.1 வேற 5 வேற.

பெடல் கல்லு மாதிரி கெட்டியா இருந்தும் வண்டி நிக்கலேன்னா அது பிரேக் பேட் (டிஸ்க்க அழுத்தி பிடிக்கற கட்டை) பிரச்சனை, ஆயில் இல்ல. கம்பெனி பேட் சத்தம் போடாம, தூசி கொட்டாம, காலைல குளிர்ல கூட நிக்கணும்னு செஞ்சது, ட்ராக் சூட்டுல மெழுகு மாதிரி வழுக்கிடும். ட்ராக் பேட் நேர் எதிர், சூடு ஏறினா தான் பிடிக்கும், ஆபீஸ் பார்க்கிங்ல கீச்சுன்னு கத்தும், வீல் எல்லாம் கருப்பாக்கிடும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்குன்னு கடைக்காரன் சொல்லுவான், நான் நம்பறதில்ல. ரெண்டு செட் வச்சுக்கோ, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாத்து, ஞாயித்துக்கிழமை திரும்ப மாட்டு, கை பழகிட்டா சீக்கிரம் முஞ்சிடும். புதுசா போட்டா டிஸ்க்ல படிய வைக்கணும், டப்பால எழுதியிருக்கற முறைப்படி செய், அத செய்யாம விட்டா ஸ்டீயரிங் நடுங்கும், உடனே டிஸ்க் வளைஞ்சு போச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிவ.

செஷன் முஞ்சதும் கடைசி லேப் பிரேக்க தொடாம காத்து வாங்கிக்கிட்டே வா. பிட்ல நிறுத்திட்டு ஹேண்ட்பிரேக் போடாத, கொதிக்கற பேட் டிஸ்க்ல ஒட்டிக்கும், கியர்ல போட்டு வீலுக்கு ஒரு கட்டைய வை.

டயருக்கு இப்போதைக்கு ஒண்ணும் பெருசா பண்ணாத. இருக்கறது தேஞ்சிருந்தா மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் மாதிரி நல்ல ரோட் டயர் ஒரு செட் போடு, ட்ரெட்வேர் 300 (டயர் தேயற வேகத்துக்கு ஒரு எண், கம்மியா இருந்தா சீக்கிரம் தேயும்). எல்லாரும் மொத நாளே 200 ட்ரெட்வேர் டயர் வாங்க சொல்லுவாங்க, பிடிப்பு அதிகம் தான், ஆனா பிடிப்பு அதிகமா இருந்தா நீ பண்ற தப்ப அது மறைச்சிடும், விடும்போது சட்டுன்னு விட்டுடும். ரோட் டயர் முன்கூட்டியே கத்தி சொல்லும், அது தான் உனக்கு இப்ப வேணும். காத்து மட்டும் ஒவ்வொரு செஷன் முஞ்சதும் பாரு, சூட்டுல பிஎஸ்ஐ கிடுகிடுன்னு ஏறும், கொஞ்சம் எறக்கி விடு, சாயங்காலம் வீட்டுக்கு கிளம்பறப்ப திரும்ப ஏத்திக்கோ. கொஞ்ச நாள் ஓட்டினதுக்கப்புறம் முன் டயரோட வெளி ஓரம் மட்டும் மழமழன்னு தேயறத பாப்ப, வண்டி சாயறப்ப டயர் ஓரத்துல நிக்குது, அப்ப வீலோட சாய்வ மாத்தற கேம்பர் பிளேட் போட்டு மைனஸ் 2 டிகிரி கிட்ட வச்சுக்கலாம். அதுக்கு முன்னாடி சஸ்பென்ஷன் பக்கமே போகாத.

சூடு பிரேக்கோட நிக்காது, எஞ்சின் ஆயில், கியர்பாக்ஸ், பின் வீலுங்களுக்கு பவர பிரிச்சு குடுக்கற டிஃபரன்ஷியல்னு எல்லா பக்கமும் ஏறும். ஃபோர்டே 2016ல ட்ராக்குக்குன்னு சொல்லி விட்ட ஷெல்பி ஜிடி 350ல கீழ் மாடல்களுக்கு கியர்பாக்ஸ் கூலரும் டிஃபரன்ஷியல் கூலரும் கிடையாது, ட்ராக்ல சூடேறி வண்டி தானா பவர குறைச்சுக்கிட்டு நொண்ட, ஓனருங்க கோர்ட் வரைக்கும் போனாங்க, 2017ல எல்லா ஜிடி 350க்கும் கூலர் வந்துடுச்சு. அதுக்கே அப்படின்னா சூப்பர்சார்ஜர் போட்ட உன் ஜிடி டெக்சாஸ் ஜூலைல என்ன பாடு படும்னு யோசி. நல்ல ஆயில போடு, டெம்பரேச்சர் முள்ள பாத்துக்கிட்டே ஓட்டு, ஏறினா ரெண்டு லேப் நிதானமா போ, அக்டோபர் நவம்பர்ல பேர் குடு. அவ்ளோ தான் கூலிங்குக்கு நான் சொல்ற மொத வைத்தியம்.

உங்க ஆபீஸ்ல அந்த போர்ஷே ஆள் "மசில் கார் நேரா மட்டும் தான் போகும்"னு பெரிய எஞ்சின் அமெரிக்க வண்டிங்கள பாத்து சிரிச்சார்னு எழுதியிருந்த. அவர்கிட்ட ட்ரான்ஸ்-ஆம் ரேஸ் பத்தி கேளு. அறுபதுகள்ல அந்த ரேஸ்ல எஞ்சின் 5 லிட்டருக்குள்ள இருக்கணும்னு விதி, அதுக்காகவே ஷெவ்ரலே 1967ல கமாரோ இசட் 28 எறக்கிச்சு, ஃபோர்டு 1969ல பாஸ் 302 எறக்கிச்சு, ரெண்டும் 302 க்யூபிக் இன்ச். பென்ஸ்கே டீமுக்கு மார்க் டோனஹ்யூ 68லயும் 69லயும் கமாரோவ ஜெயிக்க வச்சார், 70ல பார்னெல்லி ஜோன்ஸ் தயவுல பட்டம் ஃபோர்டுக்கு போச்சு. எல்லாம் வளைஞ்சு நெளிஞ்ச ட்ராக் தான், நேர் ரோடு இல்ல. உன் 5 லிட்டரும் அதே 302 க்யூபிக் இன்ச் தான், எஞ்சின் வேற தலைமுறைன்னாலும். போர்ஷே நல்ல வண்டி தான், அத நான் இல்லேன்னு சொல்லல, லேசான வண்டிக்கு பிரேக்கும் டயரும் கம்மியா செலவாகும், அந்த விஷயத்துல அவர் சிரிக்கலாம்.

உள்ள உக்கார்ற விஷயம் ஒண்ணு. ரேஸ் படம் பாத்துட்டு நாலு பாயிண்ட் பெல்ட் வாங்கி மாட்டாத. ரோல் பார் (கூரை நசுங்காம தாங்கற இரும்பு கம்பி) இல்லாத வண்டில அது ஆபத்து, வண்டி கவுந்து கூரை நசுங்கினா சாதா பெல்ட்ல ஒடம்பு சாயும், அதுல நிமிந்தபடியே மாட்டிக்குவ. கம்பெனி பெல்ட்ட இழுத்து இறுக்கி பூட்டிக்கோ போதும். ஹெல்மெட் ஸ்னெல் எஸ்ஏ (கார் ரேஸுக்கான தரச் சான்று) முத்திரை உள்ளதா வாங்கு, பைக் ஹெல்மெட்ட நெறைய எடத்துல ஒத்துக்க மாட்டாங்க, எஸ்ஏல உள் துணி தீ பிடிக்காத மாதிரி இருக்கும். வீல் நட்ட 150 ஃபுட் பவுண்டுக்கு டார்க் ரெஞ்ச் வச்சு இறுக்கு, மதியானம் ஒரு தடவ திரும்ப பாரு, சூட்டுல தளரும். டிக்கில, சீட்டுக்கு அடியில ஒரு பொருள் இருக்கக்கூடாது, தண்ணி பாட்டில் உருண்டு பெடலுக்கு அடில போனா கதை கந்தல். இன்சூரன்ஸ் பேப்பர ஒரு தடவ படி, சாதா பாலிசில நெறைய பேர் ட்ராக்க ஒதுக்கி வச்சிருப்பாங்க, ஒரு நாளைக்குன்னு தனியா ட்ராக் டே பாலிசி விக்கறாங்க, கடன்ல வாங்கின வண்டின்னா கண்டிப்பா எடு.

மொத தடவ ஆஸ்டின்ல இருக்கற காட்டாவுக்கு (சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸ் ட்ராக்) போகணும்னு ஆசைப்படாதடா. ஃபார்முலா 1 ஓடற எடம், 20 வளைவு, நீளமான நேர் ரோடு, உன் பிரேக்குக்கு அங்க தான் எமன் உக்காந்திருக்கான். ஃபோர்ட் வொர்த் பக்கத்துல கிரெஸன்ல மோட்டார்ஸ்போர்ட் ராஞ்ச் இருக்கு, 1.7 மைல் ட்ராக், நம்ம கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேய விட கொஞ்சம் பெருசு, அங்க ஆரம்பி. நோவிஸ் (புதுசா வர்றவங்க) க்ரூப்ல பேர் குடு, பக்கத்து சீட்ல இன்ஸ்ட்ரக்டர் உக்காருவார், அவர் சொல்றத கேளு. நேரா இருக்கறப்பவே பிரேக்க முடி, ஸ்டீயரிங் திருப்பினதுக்கப்புறம் மிதிக்காத, கண்ண அடுத்த வளைவுக்கு அனுப்பு, பின்னாடி யாராவது வேகமா வந்தா ஜன்னல் வழியா கைய காட்டி விட்டுடு, ரோஷப்படாத. எஸ்சிசிஏங்கற கார் ரேஸ் கிளப் நடத்தற ட்ராக் நைட் இன் அமெரிக்கா கூட வார நாள் சாயங்காலம் வரும், செலவும் கம்மி. சூப்பர்சார்ஜர் காசுக்கு நீ ரெண்டு மூணு வருஷம் இந்த மாதிரி நாளுங்களுக்கு போகலாம், அதுல கெடைக்கற செகண்ட எந்த கிட்டும் தராது.

ஜிடில எந்த வகைன்னு நீ சொல்லவே இல்ல. பர்ஃபார்மன்ஸ் பேக்கேஜா சாதாவா? முன் வீல் உள்ள எட்டி பாரு, காலிப்பர்ல பிரெம்போன்னு எழுதி ஆறு பிஸ்டனோட பெருசா இருந்தா பேக்கேஜ், டிஸ்க் 15 இன்ச், ரேடியேட்டரும் பெருசு, பாதி கவலை தீந்துச்சு. இல்லேன்னா பேட் வேற சைஸ், பிரேக்குக்கு காத்து குழாய் போடறதயும் யோசிக்கணும். ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, இந்த வார கடைசில கூப்பிடறேன், எந்த பேட் வாங்கறதுன்னு அப்ப முடிவு பண்ணுவோம். அப்பாவ கேட்டதா சொல்லு.

உன்
சரவணன்