செயலாளரின் ஆண்டறிக்கை: பயிர்கள் எதைத் தாங்குகின்றன, எப்படி?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதுவரை எழுந்து போகாமல் இருக்க வேண்டுகிறேன்.

வறட்சி, வெள்ளம், உவர் இவற்றைப் பயிர் எப்படிச் சமாளிக்கிறது என்பதே இந்த ஆண்டின் பேச்சு. "எல்லாத்தையும் தாங்குற ரகம் ஒண்ணு சொல்லுங்க" என்று யாராவது கேட்காத கூட்டம் இல்லை. அப்படி ஒரு ரகம் கிடையாது. அது ஏன் என்பது வெள்ளத்தைப் பற்றிப் பேசிய அன்றே விளங்கிவிட்டது.

மூழ்கும் நெல்லுக்குப் பிழைக்க இரண்டு வழிகள். ஆழ்நீர் நெல் தண்ணீர் ஏற ஏறத் தண்டை நீட்டி, நுனியை வெளியே வைத்துக்கொள்ளும். வெள்ளம் மாதக்கணக்கில் நிற்கும் இடத்துக்கு அது சரி. சில நாளில் வடியும் வெள்ளத்தில் அப்படி நீண்டால் கையிருப்புச் சத்து தீர்ந்து, தண்ணீர் இறங்கியதும் பயிர் சாய்ந்துவிடும். ஒடிசாவின் பழைய நெல்லிலிருந்து வந்த எஃப்.ஆர்.13ஏ என்ற ரகம் செய்வது நேர்மாறு: வளர்ச்சியை நிறுத்தி, சத்தைச் சேமித்துக் காத்திருக்கும். இதற்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006-இல் கண்டறிந்தார்கள். அதைச் சுவர்ணா நெல்லில் சேர்த்து உருவாக்கிய சுவர்ணா-சப்1 இரண்டு வாரம்வரை மூழ்கிக் கிடந்தும் மீள்கிறது. வேடிக்கை என்னவென்றால், நீளச் சொல்வதும் நிற்கச் சொல்வதும் செடிக்குள் உண்டாகும் ஒரே எத்திலீன் வாயுதான். ஓரிடத்தில் காப்பாற்றும் குணமே இன்னோரிடத்தில் கெடுக்கும் என்பதால்தான் எல்லாவற்றுக்கும் ஒரே ரகம் இல்லை.

வறட்சிக் கூட்டத்துக்கு நுண்ணோக்கி கொண்டுவந்திருந்தோம். இலைத்தோலை உரித்து வைத்து உப்புக்கரைசல் ஒரு சொட்டு விட்டதும், துளையின் இருபுறமும் உள்ள காப்புச் செல்கள் தளர்ந்து இலைத்துளைகள் மூடிக்கொண்டதை வரிசையில் நின்று பார்த்தோம். வயலில் மண் காயும்போது இந்த வேலையைச் செடியே சுரக்கும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் செய்கிறது. காப்புச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும், பின்னாலேயே நீரும் போகும், துளை மூடும். நீர் மிச்சம்தான், ஆனால் கரியமில வாயுவும் உள்ளே வராதே! செடி உயிரோடு இருக்கும், விளைச்சல் குறையும். விதைப் பையில் 'வறட்சி தாங்கும்' என்று பார்த்தால், உயிர் தாங்குமா விளைச்சல் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

எந்தப் பருவத்தில் அடி விழுகிறது என்பதும் முக்கியம். இளம் மக்காச்சோளம் பகலில் இலையைச் சுருட்டி, மாலையில் விரித்து ஒருவாறு தேறிவிடும். பூக்கும்போது வறண்டால், கதிர் நுனியில் மகரந்தத்தை ஏற்கும் பட்டுநூல் வெளிவரத் தாமதமாகும். அதற்குள் மகரந்தம் கொட்டி முடிந்துவிடும். கதிரில் மணி பிடிக்காது.

உவரைப் பற்றி ஒரே கூட்டம்தான். மண்ணின் உப்பளவைக் காட்டும் மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். பார்லி 8 வரை தாங்கும். கேரளத்துப் பொக்காளி நெல் சோடியத்தை இலைக்கு அதிகம் போகவிடாது என்பதோடு நேரம் முடிந்துவிட்டது.

அடுத்த ஆண்டு வெப்பத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு கருதுகிறது. பூ விரியும் வேளையில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நெல்லில் பதர் கூடும். ஆகவே நெல் போட்டிருக்கும் உறுப்பினர்கள், பூ எத்தனை மணிக்கு விரிகிறது, அப்போது வெப்பம் எவ்வளவு என்று குறித்து அனுப்பவும். அதற்கான தாள் நுழைவாயில் மேசையில் இருக்கிறது.