கான்வென்ட் வரலாற்றில் விடுபட்டவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொண்டு விற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன செட்டிநாட்டு நகரத்தார் பற்றிய தங்கள் கட்டுரை, பினாங்கிலும் சிங்கப்பூரிலும் குடும்பத்தோடு தங்கியவர்களின் பெண்மக்கள் ஆங்கிலேயர் கான்வென்ட்டுகளில் படித்ததாக ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிட்டது. ஆட்சிதான் ஆங்கிலேயருடையது. அந்தப் பள்ளிகளைத் தொடங்கியவர்கள், பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த குழந்தை இயேசு சபைக் கன்னியர்.

1852இல் பினாங்கில் அவர்கள் தொடங்கிய பள்ளியே பின்னர் லைட் தெருக் கான்வென்ட் என்று பெயர் பெற்றது. 1854இல் அந்தச் சபையின் மதர் மத்தில்ட் ரக்லோவும் உடன் வந்தவர்களும் சிங்கப்பூர் சென்று, வந்து இறங்கிய சில நாட்களுக்குள் இரண்டு வகுப்புகளைத் திறந்தார்கள்: ஒன்று கட்டணம் செலுத்தும் பெண்களுக்கு, மற்றொன்று ஏழைகளுக்கும் அநாதைகளுக்கும். சீன நாட்காட்டியின் புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பிய சீனக் குடும்பங்கள் கைக்குழந்தைகளை அந்தக் கான்வென்ட்டின் வாயிலில் விட்டுச் சென்றதும் உண்டு. அக்குழந்தைகள் கிறிஸ்தவர்களாகவே வளர்க்கப்பட்டார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்களை எடுத்து வளர்க்க முன்வருவோர் அரிதாக இருந்த காலம் அது.

கட்டணப் பணத்தோடு, அங்கு வளர்ந்த பெண்கள் ஊசி வேலை செய்து விற்ற காசும் கான்வென்ட்டின் அநாதை இல்லத்துக்குச் சோறு போட்டது. பினாங்குக் கான்வென்ட்டில் வாங்கியதாக அப்பத்தா சொன்ன மேசை விரிப்பு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. வெள்ளை மல் துணியில், ஓரத்து இழைகளை உருவி, மிச்ச நூலைக் கொத்துக் கொத்தாக முடிந்திருக்கிறார்கள். உள்புறத்தைத் திருப்பிப் பார்த்தாலும் ஒரு பிசிறு தெரியாது. ஐயாவின் கணக்குச் சிட்டையில் அதன் விலை இருக்கிறது, தைத்தவள் பெயர் இல்லை. கான்வென்ட்டின் பெருமையைப் பேசும்போதெல்லாம் கட்டணம் செலுத்தியவர்களின் பிள்ளைகளையே நினைக்கிறோம். இது எனக்கு ஆறாத வருத்தம்.

சிங்கப்பூர்க் கான்வென்ட் 1983இல் இடம் மாறியது. பழைய கட்டடத்தில் இன்று உணவகங்கள் நடக்கின்றன. இங்கே செட்டிநாட்டிலோ, வளவு வீடுகள் எனப்படும் பரம்பரைப் பெருவீடுகள் கைமாறும்போது, அக்கரையிலிருந்து வந்த பள்ளிப் புகைப்படங்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் தேக்குச் சட்டத்துக்காக விலை போகின்றன; படம் கழற்றி எறியப்படுகிறது. சட்டத்தை விற்பவர்கள், படத்தின் பின்புறம் எழுதியிருக்கும் பெயர்களையும் ஆண்டையும் படியெடுத்த பிறகாவது கொடுக்கட்டும். அவ்வாறு படியெடுத்தவற்றைத் தங்கள் இதழ் வாசகர்களிடமிருந்து கேட்டு வாங்கித் தொடராக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவகோட்டை