அடுத்த ஓ.எம்.ஆருக்காவது குறுக்குத் தெரு வேண்டும்

சென்னைப் பெருநகருக்கு மூன்றாம் முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) தயாரிக்கும் சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழும அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் புரோக்கர். ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் பெருங்குடி முதல் நாவலூர் வரை ஆபீஸுக்கும் கடைக்கும் இடம் பிடித்துக் கொடுத்துக் கமிஷனில் பிழைப்பவன். நான் குறை சொல்லப்போகும் இந்த வளர்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஊர் ஆபீஸ் ஏரியாவாக மாறப்போவது எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். காலி மனையைச் சுற்றித் தகரம் அடிப்பார்கள். எதிரே கட்டட வேலைக்காரர்களை நம்பி ஒரு டீக்கடை முளைக்கும். கட்டடம் எழும்பிக் கண்ணாடி மாட்டியதும் அதே டீக்கடைக்காரர் லெமன் டீயும் சுண்டலும் போட ஆரம்பிப்பார். பின்தெருவில் மாடு கட்டியிருந்த வீடு நாலு மாடி லேடீஸ் ஹாஸ்டலாகும். அப்புறம் ஏ.டி.எம்., சலூன், பிரியாணிக் கடை, தண்ணி லாரி. எல்லாவற்றுக்கும் கடைசியாக வருவது நடைபாதை. பல இடங்களில் அது இன்னும் வந்து சேரவில்லை.

சென்னையின் தொழில் பாரிமுனையிலிருந்து மவுண்ட் ரோட்டைப் பிடித்துக்கொண்டுதான் தெற்கே இறங்கியது. 1958-ல் கிண்டி தொழிற்பேட்டை வந்தது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகத்தைத் திறந்தார்கள். அதற்குத் தெற்கே பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர் எல்லாம் அன்றைக்கு மாநகராட்சிக்கு வெளியே. வயல் விலைக்கு நிலம், ஐ.டி. பார்க் என்றால் கூடுதல் மாடிக்கு அனுமதி, பக்கத்திலேயே இன்ஜினீயரிங் காலேஜ்கள். கம்பெனிகள் வராமல் என்ன செய்யும்? ஆறுவழிச் சாலை முடிந்ததே 2008-ல்தான். மாநகராட்சி எல்லை அங்கே வந்தது 2011-ல். முதலில் கட்டடம், அப்புறம் சாலை, அதற்கும் அப்புறம் நகராட்சி வசதி. இந்த வரிசையில்தான் ஓ.எம்.ஆர். உருவானது.

நெரிசலைப் பற்றிப் புலம்ப இந்தக் கடிதம் எழுதவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. ஓ.எம்.ஆர். ஒரு வணிக மையமே அல்ல, ஒற்றைச் சாலையின் இரண்டு பக்கமும் கோத்த கட்டடங்கள், அவ்வளவுதான். கிழக்கே பக்கிங்காம் கால்வாய், மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு, நடுவில் ஒல்லியாக ஒரு மேட்டு நிலம். அதை நீளவாக்கில் வயல் வயலாக விற்றார்கள். வாங்கியவர் ஒவ்வொருவரும் தன் வயலைச் சுற்றிக் காம்பவுண்டு எழுப்பினார். ஒரு கேட், ஒரு செக்யூரிட்டி, உள்ளே ஒரு ரோடு. அந்த ரோடு பின்சுவரில் முட்டி நின்றுவிடும். பக்கத்து கேம்பஸுக்குப் போக வேண்டுமானாலும் மெயின் ரோட்டுக்கு வந்துதான் திரும்ப வேண்டும்.

துரைப்பாக்கத்தில் நான் இடம் பிடித்துக் கொடுத்த ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் செய்யும் அக்கா கண்ணகி நகரிலிருந்து வருகிறார். மூன்றாவது மாடி ஜன்னலில் நின்று தன் பிளாக்கின் தண்ணீர் டேங்கைக் கை நீட்டிக் காட்டினார். "அதோ பாருங்கண்ணா, என் வீடு." நடுவில் இருப்பது இரண்டு சுவரும் ஒரு காலி மனையும். அந்த இரண்டு சுவருக்காக அவர் தினமும் மெயின் ரோட்டைச் சுற்றி அரை மணி நேரம் நடக்கிறார். காலை ஆறரைக்குள் உள்ளே இருக்க வேண்டும். சுவரில் ஒரு சின்னக் கதவு வைத்தால் என்ன என்று மானேஜரிடம் கேட்டேன். செக்யூரிட்டி பாலிசி என்றார். சரி, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தெரு போட வேண்டிய இடத்தில் தெரு இல்லை, அவர் எங்கே கதவு வைப்பார்?

தி.நகரைப் பாருங்கள். 1920-களில் பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் தெருக்களை முதலில் வரைந்தார்கள், வீடுகள் பிறகு வந்தன. (அதுவும் ஏரியைத் தூர்த்துப் போட்டதுதான். அது தனி வழக்கு.) அந்தத் தெருக்கள் இருந்ததால்தான் குடியிருப்பு கடைவீதியானபோது கூட்டம் நாலா பக்கமும் பிரிந்து போக வழி இருந்தது. தீபாவளிக்கு ரங்கநாதன் தெரு திணறினாலும் நுழைந்து வெளியேற இன்னொரு தெரு கிடைக்கிறது. சோழிங்கநல்லூரில் மழை நாளில் மெயின் ரோடு நின்றால் எல்லாமே நின்றது.

மெட்ரோ வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். வரட்டும், நானும் ஏறத்தான் போகிறேன். ஆனால் ரயில் இறக்கிவிடப்போவதும் இதே மெயின் ரோட்டில்தானே? அங்கிருந்து உள்ளே போக இப்போதிருக்கும் அதே சுவர்தான்.

2022-ல் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரித்தீர்கள். நீங்கள் வரைவது 2046 வரைக்கும். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் இப்போதே தகரம் அடித்தாகிவிட்டது, டீக்கடையும் வந்தாகிவிட்டது. ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: அந்தச் சாலையில் இனி பெரிய கட்டடத்துக்குத் திட்ட அனுமதி தரும்முன் குறுக்குத் தெருக்களைப் படத்தில் வரைந்துவிடுங்கள். யார் வாங்கினாலும் அந்தத் தெருவை விட்டுத்தான் சுவர் வைக்க வேண்டும் என்று எழுதுங்கள். பில்டர்கள் முனகுவார்கள். எனக்கும் ஒன்றிரண்டு டீல் கைநழுவும். பரவாயில்லை.

போன மாதம் கண்டிகைப் பக்கம் ஒரு பார்ட்டிக்கு இடம் காட்டப் போனேன். இரண்டு சர்வே எண்களுக்கு நடுவே ஒரு வண்டிப்பாதை, ஏரிக்கரை வரைக்கும் போகிறது. புல வரைபடத்திலும் இருக்கிறது. அன்றைக்கு அதில் ஆடு ஓட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு பக்க நிலத்துக்கும் ஒரே ஆள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. உங்கள் சர்வேயரை அனுப்புங்கள், நானே கூட வந்து காட்டுகிறேன். கமிஷன் வேண்டாம்.

இப்படிக்கு,
துரைப்பாக்கத்திலிருந்து ஒரு புரோக்கர்