வெள்ளை வயரை வெட்டுவதற்கு முன்: கொழும்பின் வயரிங் பாஸ்மாருக்கு ஒரு திறந்த மடல்

பஞ்சிகாவத்தை, மாளிகாவத்தை, கிராண்ட்பாஸ், தெமட்டகொடை, வெள்ளவத்தை என்று கொழும்பின் சந்துகளில் வாகன வயரிங் வேலை செய்யும் அண்ணாமார், நானாமார், தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம், ஸலாம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டார்ட் ஆகாத பழைய கார் ஒன்று உங்களிடம் வந்தால், வயரை வெட்டுவதற்கு முன் தயவுசெய்து அளந்து பாருங்கள். சாவியைத் தாண்டி, பற்றரியிலிருந்து பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கொயிலுக்கு நேரே ஒரு லைன் இழுத்து, டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு சுவிட்சைப் பூட்டி, "இனிப் பிரச்சினை வராது" என்று சொல்லி அனுப்பாதீர்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

இந்த ஊரில் மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் பீட்டிலும் இன்னும் ஓடுகின்றன என்றால் அது உங்கள் கைகளால்தான். எழுபதுகளில் இறக்குமதி இறுகிக் கிடந்தபோது உங்களுக்கு முன் இருந்தவர்கள் இல்லாத சாமானை இருக்கிற சாமானிலிருந்து உண்டாக்கினார்கள். மொரிஸ் மைனருக்கான தகடுகளை இலங்கையில் அடித்து இங்கிலாந்துக்கே அனுப்பிய காலமும் உண்டு. பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் இருக்கிற வாகனங்களை ஓடவைத்தவர்கள் நீங்கள். இவ்வளவு திறமை உள்ள ஆக்கள் அளக்காமல் வெட்டுவதைப் பார்க்கும்போதுதான் மனம் பொறுக்கவில்லை.

என் பெரியப்பா வைத்திருந்த மொரிஸ் மைனர் இப்போது என்னிடம் இருக்கிறது. மழைக்காலத்தில் ஒருநாள் காலி வீதியில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆனது, பிறகும் நின்றது. ஒரு கராஜில் கொயிலை மாற்றினார்கள். அப்புறம் கண்டென்சர் என்ற சின்ன உருளை. கடைசியில் இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் வெள்ளை வயரை வெட்டி எறிந்துவிட்டு, வீட்டுச் சுவருக்குள் போடும் சிவப்பு வயரால் பற்றரியிலிருந்து லைன் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் நின்றது.

பிழை இருந்தது, பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டருக்குள். கொயிலின் கரண்டை விட்டுவிட்டு அறுத்துப் பொறி உண்டாக்கும் சுவிட்சான பொயின்டுக்குப் போகும் சின்ன வயர், விரல் நீளம்கூட வராது. கிராண்ட்பாஸில் வயது போன ஒரு பாஸ் மூடியைக் கழற்றி, அந்த வயரைக் குறட்டால் மெல்லப் பிடித்து இழுத்தார். வெளி உறையில் ஒரு கீறல் இல்லை. ஆனால் இழுக்க இழுக்க உறை மட்டும் நீண்டது; உள்ளே செம்பு இழை அத்தனையும் அறுந்துபோயிருந்தது. எஞ்ஜினின் உறிஞ்சலால் பொறியின் நேரத்தை மாற்றும் வக்கும் அட்வான்ஸ் தட்டைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அந்த வயர் மடிந்து நிமிரும். வருஷக்கணக்காக மடிந்தால் அறாமல் என்ன செய்யும்? அறுந்த முனைகள் உறைக்குள் தொட்டுக்கொண்டிருந்தால் கார் ஓடும், விலகினால் நிற்கும். கராஜ் வாசலில் பொனற்றைத் திறந்தால் ஓடும். பம்பலப்பிட்டிச் சந்தியில் அக்சிலேட்டரை விட்டால் நின்றுவிடும். நல்ல இழைகள் உள்ள மெல்லிய வயர் ஒரு துண்டு போட்டார். வேலை முடிந்தது.

அவர் அதைக் கண்டுபிடித்தது வெறும் 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் ஒன்றால். இந்த முறை தெரிந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். தெரியாத தம்பிமாருக்காக எழுதுகிறேன். கொயிலில் டிஸ்ரிபியூட்டர் பக்கத்து முனையில், லூகாஸ் கம்பனியின் பழைய கொயிலில் சீ.பீ. என்று போட்டிருக்கும் இடத்தில், லாம்பின் ஒரு முனையை வையுங்கள். மற்றதை எர்த்தில், அதாவது காரின் வெறும் இரும்பில், பிடியுங்கள். சாவியைப் போட்டு எஞ்ஜினைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். பொயின்ட் திறக்கும்போது லாம்ப் எரிய வேண்டும், மூடும்போது அணைய வேண்டும். அப்படி எரிந்து அணைந்தால் சாவியிலிருந்து பொயின்ட் வரை எல்லாம் சரி. எந்த நேரமும் எரிந்தபடியே இருந்தால் பொயின்ட் எர்த்தைத் தொடவில்லை: பொயின்ட் முகம் கரி பிடித்திருக்கும், அல்லது உள் வயர் அறுந்திருக்கும், அல்லது பொயின்ட் தட்டுக்கு எர்த் கொடுக்கும் சின்னப் பின்னல் வயர் போயிருக்கும். என் காரில் லாம்ப் அணையவே இல்லை.

லாம்ப் எரியவே இல்லையா? கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இப்போது எரிந்தால் டிஸ்ரிபியூட்டருக்குள் எங்கோ ஷோர்ட். ஒன்றில் கண்டென்சர், இல்லாவிட்டால் பொயின்ட் மாற்றியவர் வொஷர்களை மாறிப் போட்டிருக்கிறார். பழைய லூகாஸ் டிஸ்ரிபியூட்டரில் பொயின்டின் ஸ்பிரிங், கண்டென்சர் வயரின் முனை, கொயிலிலிருந்து வரும் வயரின் முனை மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும். ஆனால் நடுவில் உள்ள தூணைத் தொடவே கூடாது. தூணிலிருந்து அவற்றைப் பிரித்து வைக்கும் சின்னப் பிளாஸ்டிக் புஷ் இடம் மாறினால் கரண்ட் முழுக்க எர்த்துக்குப் போய்விடும். புதுப் பொயின்ட் போட்ட அன்றே ஸ்டார்ட் ஆகாத கார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வயரைக் கழற்றிய பிறகும் எரியாவிட்டால், லாம்பைக் கொயிலின் மற்ற முனைக்கு, எஸ்.டபிள்யூ. பக்கத்துக்கு மாற்றுங்கள். அங்கே எரிந்தால் கொயில் உள்ளே அறுந்திருக்கிறது. அங்கேயும் இல்லாவிட்டால்தான் வெள்ளை வயரிலோ சாவி சுவிட்சிலோ கை வைக்க வேண்டும். அப்போதும் வெட்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் குழாய்க்குள் செருகும் புல்லட் இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். கழற்றிச் சுரண்டிப் பூட்டினால் போதும்.

ஸ்டார்ட்டர் சுற்றாத பிரச்சினை வேறு, சுற்றியும் எஞ்ஜின் பிடிக்காத பிரச்சினை வேறு. இந்த இரண்டையும் பிரிக்காமலேயே பற்றரியை மாற்றச் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. சுற்றாத காருக்கு மீற்றரை எடுங்கள். ஒரு முனையைப் பற்றரியின் எர்த் தூணிலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. மற்றதை எஞ்ஜின் புளொக்கின் வெறும் இரும்பில் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில்தான் கோளாறு. ஸ்டார்ட்டர் 150 அம்பியர் இழுக்கும் என்று வையுங்கள். இணைப்பில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் அங்கேயே போய்விடும். எஞ்ஜின் உட்கார்ந்திருப்பது றப்பர் மவுண்டில். எர்த் பட்டி அறுந்தால் கரண்ட் சோக் கேபிள் வழியாகவும் அக்சிலேட்டர் கேபிள் வழியாகவும் திரும்பப் பார்க்கும். ஸ்டார்ட் அடிக்கும்போது சோக் கேபிள் கையைச் சுட்டால் வேறெதையும் பார்க்கத் தேவையில்லை. கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரைக்கும் கடற்காற்று படும் வீடுகளில் நிற்கும் கார்களுக்கு இது மிகவும் சாதாரணமான வருத்தம். புதுப் பற்றரிக்குக் கொடுக்கும் காசில் எத்தனையோ எர்த் பட்டி வாங்கலாம்.

பீட்டில் சூடேறியதும் "க்ளிக்" என்று மட்டும் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும். அதில் கரண்ட் பின்னாலிருந்து முன்னுக்கு வந்து, சாவிக்குள் 30ஆம் முனையிலிருந்து 50ஆம் முனைக்குத் தாண்டி, மறுபடி பின்னுக்கு ஸ்டார்ட்டருக்குப் போகிறது. அவ்வளவு நீள வழியில் வோல்ட் தேய்ந்துவிடும். இணைப்புகளைத் துடைத்தும் சரிவராவிட்டால் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறக்கும் சுவிட்ச்) வைத்து, பழைய வயரை ரிலேயை இழுக்க மட்டும் பாவிப்பது நல்ல வேலை. ஒரு வயரும் வெட்டுப்படாது. நாளைக்கு வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். இப்படிச் செய்கிற ஆக்கள் உங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

கொயில் விற்கும் கடைக்காரருக்கும் ஒரு வார்த்தை. கொயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பலாஸ்ட் ரெசிஸ்டரோடு ஓடும் கொயில் ஏறக்குறைய 1.5 ஓம், அது இல்லாமல் ஓடுவது 3 ஓம். தோற்றத்தில் இரண்டும் ஒன்றுதான். 1.5 ஓம் கொயிலை மொரிஸ் மைனருக்கு நேரே பூட்டினால் பொயின்ட் கருகும், கொயில் கொதிக்கும். 3 ஓமை ரெசிஸ்டருள்ள காரில் போட்டால் பொறி சோரும். கொடுக்கும் முன் கடையிலேயே மீற்றர் வைத்துக் காட்டுங்கள். சாவியை ஸ்டார்ட்டில் பிடிக்கும்வரை எஞ்ஜின் ஓடி, கையை விட்டதும் நிற்கிறதா? ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது. அந்தக் காருக்குக் கொயில் விற்காதீர்கள்.

பொசிட்டிவ் எர்த் விஷயமும் இருக்கிறது. மொரிஸ் மைனரிலும் அந்தக் கால ஒஸ்டின்களிலும் பற்றரியின் பிளஸ்தான் உடம்புக்குப் போகும். இது தெரியாத பொடியன் பற்றரியை மாறிப் பூட்டினாலும் எஞ்ஜின் ஓடும். அதனால் பிழை வெளியே தெரியாது. பற்றரியைச் சார்ஜ் பண்ணும் டைனமோதான் குழம்பும். பிளஸ், மைனஸ் என்று போட்ட புதுக் கொயிலைப் பொசிட்டிவ் எர்த் காரில் பூட்டும்போது பிளஸ் முனை டிஸ்ரிபியூட்டருக்குப் போக வேண்டும், மைனஸ் சாவிக்கு. மாறினால் பிளக்கில் பொறி பாய்வதற்குக் கூடுதல் வோல்ட் வேண்டும். குளிர்ந்த, ஈரமான காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

இனி அந்த நேர் லைன். சாவி வழியாகப் போகாத லைனை ஓட்டுபவர் அணைக்க மறந்து, பொயின்டும் மூடிய நிலையில் நின்றால், 3 ஓம் கொயிலுக்குள் 4 அம்பியர் இடைவிடாமல் ஓடும். அது 48 வாட் சூடு. ஒன்றில் பற்றரி சாகும், இல்லாவிட்டால் கொயில் வெடித்து எண்ணெய் கக்கும். வீட்டு வயரின் ஒற்றைக் கம்பி காரின் அதிர்வுக்கு ஆனதல்ல. தகட்டில் உரசி உறை தேய்ந்தால் பியூஸ் இல்லாத லைன் நெருப்புத்தான். பெற்றோல் குழாய் எவ்வளவு பக்கத்தில் போகிறது என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்?

வெட்டினால் அடுத்து வரும் பாஸுக்கும் கஷ்டம். அந்தக் காலத்து இங்கிலாந்துக் கார்களில் நிறம்தான் வரைபடம். மண்ணிறம் எந்நேரமும் உயிருள்ளது, வெள்ளை சாவி போட்டதும் உயிர்பெறுவது, பச்சை பியூஸ் தாண்டியது, கறுப்பு எர்த். எல்லாம் சிவப்பாகிவிட்ட காரில் பிழை தேடுபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நிற வயர் கிடைக்காவிட்டால் முனைகளில் நிற டேப்பாவது சுற்றுங்கள். கழற்றிய பழைய கொயிலையும் கண்டென்சரையும் வீசாமல் ஒரு பையில் போட்டுக் கொடுங்கள். புதிதாக வரும் மலிவுக் கண்டென்சர்கள் சிலவற்றைவிடப் பழையது நன்றாக இருந்துவிடுகிறது.

ஏன் அளக்காமல் வெட்டுகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். கொயில் மாற்றினால் காருக்குச் சொந்தக்காரர் காசு தருகிறார். ஒரு மணித்தியாலம் மீற்றரோடு நின்று, எர்த் இணைப்பைச் சுரண்டிப் பூட்டிவிட்டுக் காசு கேட்டால், "பார்த்ததற்கும் காசா?" என்கிறார். அப்படியிருக்க எந்தப் பாஸ் நின்று தேடுவார்? இந்தத் தப்பு கார் வைத்திருக்கும் எங்களுடையது. ஆகவே பழைய கார் வைத்திருப்போருக்கும் இதே மடலில் சொல்கிறேன்: பிழையைத் தேடும் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். சாமான் எதுவும் மாற்றாமல் கார் ஓடினால் முகம் கோணாமல் கொடுங்கள். அது கொயில் விலையைவிடக் கூடினாலும் நீங்கள் ஏமாறவில்லை. உங்கள் காரின் வயர்கள் முழுசாக இருக்கின்றன.

பாஸ்மாரே, நீங்களும் வெட்கப்படாமல் கேளுங்கள். வேலை தொடங்கும் முன்பே "தேடிப் பார்க்க இவ்வளவு, மாற்ற வேண்டி வந்தால் வேறாக" என்று சொல்லிவிடுங்கள். பில்லில் எந்த இணைப்பில் எத்தனை வோல்ட் விழுந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த மழைக்கு அதே கார் வந்தால் அந்த வரியிலிருந்து தொடங்கலாம். வேலை பழகும் பொடியனிடம் முதல் நாளே குறட்டைக் கொடுக்காமல் லாம்பைக் கொடுங்கள்.

என் மொரிஸில் வெட்டிய வெள்ளை வயரை இன்னும் பழையபடி போடவில்லை. அதைச் செய்ய வரும் மாதத்தில் பஞ்சிகாவத்தைப் பக்கம் வருகிறேன். தேடும் கூலி தனியாக, மாற்றும் கூலி தனியாகச் சொல்லும் கடைக்குத்தான் காரைக் கொண்டுவருவேன்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு மொரிஸ் மைனர்காரர்