புதிய கோச்சின் முதல் ஆண்டு: மன்றச் செயலாளரின் 2024 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான நம் மன்றத்தின் ஆண்டறிக்கையை வாசிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் எனக்குப் பின்னால் வாசிப்பார். அதில் சண்டைக்கு இடமே இல்லை என்கிறார். என் அறிக்கையில் நிறைய இருக்கிறது.

இந்த ஆண்டு சேர்ந்த மாணவர்களுக்கு ஒரு விளக்கம். அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் நம் டஸ்கலூசாவில் ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கிற உருண்டைப் பந்து இல்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற முட்டைப் பந்து. பத்து கஜம் முன்னேற நான்கு வாய்ப்பு உண்டு. மூன்றாவது வாய்ப்பில், அதாவது தேர்ட் டவுனில், எதிரணியை நிறுத்திவிட்டால் பெரும்பாலும் பந்து நம் கைக்கு வந்துவிடும். இதை மட்டும் மனதில் வையுங்கள், அக்டோபரில் தேவைப்படும்.

ஆண்டு பிறந்ததே தோல்வியோடு. ஜனவரி 1 அன்று ரோஸ் பவுல் என்ற புத்தாண்டு ஆட்டத்தில் மிச்சிகன் பல்கலைக்கழக அணியிடம் கூடுதல் நேரத்தில் 27-20 என்று நம் அலபாமா அணி தோற்றது. அதற்கே ஆறவில்லை, ஜனவரி 10 புதன்கிழமை நம் தலைமை கோச் நிக் சேபன் ஓய்வு பெறுவதாகச் செய்தி வந்தது. 17 பருவங்கள், இங்கே மட்டும் 6 தேசியப் பட்டங்கள். செய்தி வந்த நேரம் நம் வாட்ஸ்அப் குழுவில் பொங்கலுக்கு யார் கரும்பு வாங்கி வருவது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோய், கடைசியில் கரும்பில்லாமல்தான் பொங்கல் வைத்தோம். அதற்கு நானும் பொறுப்பு.

இரண்டே நாளில் வாஷிங்டன் பல்கலைக்கழக அணியின் கோச் கேலன் டிபோரைக் கொண்டுவந்தார்கள். அவரும் அந்த வாரம்தான் தேசிய இறுதி ஆட்டத்தில் அதே மிச்சிகனிடம் 34-13 என்று தோற்றிருந்தார். அவரை ஊருக்கு அறிமுகப்படுத்திய ஜனவரி 13 சனிக்கிழமைதான் நம் பொங்கல் கூட்டமும். பாதிப் பேர் பானையைப் பார்த்ததைவிட போனைப் பார்த்ததுதான் அதிகம்.

கோச் போனால் ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிக்கு மாற 2024ல் 30 நாள் அவகாசம் இருந்தது. கேலப் டவுன்ஸ் ஓஹையோ ஸ்டேட்டுக்கும் இசையா பாண்ட் டெக்சசுக்கும் போனார்கள். கேடின் பிராக்டர் தன் சொந்த மாநிலமான அயோவாவுக்குப் போனார், கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன மாதிரி. போன வேகத்தில் திரும்பியும் வந்துவிட்டார். வாஷிங்டனில் டிபோருக்கு வலது கையாக இருந்த ரையன் கிரப் இங்கே வந்து பெட்டியைப் பிரிப்பதற்குள் சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணி அழைத்துக்கொண்டது. தாக்குதல் பயிற்சியை நிக் ஷெரிடனும் தடுப்புப் பயிற்சியை கேன் வாமக்கும் ஏற்றார்கள். சேபன் காலத்துத் தடுப்பு அமைப்பே மாறியது. வாஷிங்டனில் டிபோரின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துகிற ஆட்டக்காரர், நின்ற இடத்திலிருந்து நெடுந்தூரம் எறிகிறவர். நம் குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோவோ காலை நம்பி ஓடுகிறவர். அந்த ஆளுக்குத் தைத்த சட்டையை இந்த ஆளுக்கு மாட்டிப் பார்த்த ஆண்டு இது என்பது என் கருத்து. பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பதுதான் டச்டவுன். மில்ரோ ஓடியே 20 டச்டவுன் எடுத்தார். எறிந்ததில் 16 டச்டவுன், 11 பந்து எதிரணியிடம் போனது. முந்தின ஆண்டு சேபனிடம் 23க்கு 6.

ஆகஸ்ட் 31 முதல் ஆட்டம், 63-0 என்று வென்றோம். 17 வயது ரையன் வில்லியம்ஸின் ஓட்டத்தைப் பார்த்து நம் வீட்டுப் பிள்ளைகள் கூடத்தில் ஓடி ஒரு பூச்சாடியை உடைத்தார்கள். செலவு பொருளாளர் கணக்கில் வரும். செப்டம்பர் 7 அன்று மைதானத்துக்கு சேபன் பெயர் சூட்டினார்கள். செப்டம்பர் 28 ஜார்ஜியா ஆட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 28-0 என்று முன்னே போய், இரண்டரை நிமிடம் இருக்கும்போது 34-33 என்று பின்னே போய், அடுத்த பந்திலேயே மில்ரோ எறிந்ததை வில்லியம்ஸ் வாங்கி 75 கஜம் போனார். 41-34. அன்றிரவு டிபோருக்குக் கோயில் கட்டப் பேசினோம்.

சரியாக ஏழாம் நாள், அக்டோபர் 5, நவராத்திரி மூன்றாம் நாள். துணைத்தலைவர் வீட்டில் கொலு, பக்கத்து அறையில் ஆட்டம். நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த நம் அணி, நாஷ்வில் நகரத்து வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திடம் விளையாடப் போனது. தொடக்கத்திலேயே 13-0 என்று பின்தங்கினோம். அதன் பிறகு தேர்ட் டவுன், தேர்ட் டவுன், தேர்ட் டவுன். 18 முறையில் 12 முறை அவர்கள் தாண்டிவிட்டார்கள். 60 நிமிடத்தில் 42 நிமிடம் பந்து அவர்கள் கையில். கொண்டைக்கடலைச் சுண்டலைக் கையில் வாங்கிய ஒருவர் கடைசி வரை வாயில் போடவில்லை, தொன்னை நசுங்கிப்போயிருந்தது. 40-35 என்று தோற்றோம். கோல்கம்பத்தைப் பிடுங்கி நாஷ்வில் தெரு வழியாகத் தூக்கிப்போய் ஆற்றில் போட்டார்கள்.

அன்றே குழுவில் கோச்சை அனுப்பு என்று எழுதியவர்கள் உண்டு. அவர்களுக்காகப் பழைய கணக்கைப் பார்த்தேன். அதற்கு முன் வேண்டர்பில்ட் நம்மை வென்றது 1984ல். அப்போது கோச் ரே பெர்கின்ஸ், அதாவது அலபாமாவின் புகழ்பெற்ற பழைய கோச் பேர் பிரையன்ட்டுக்கு அடுத்து வந்தவர். 25 பருவம் ஆண்டவருக்குப் பின் வந்தவரும், 17 பருவம் ஆண்டவருக்குப் பின் வந்தவரும் ஒரே அணியிடம் மாட்டியிருக்கிறார்கள். இன்னொன்றும் சொல்கிறேன், கல்லெறியாதீர்கள். சேபனின் முதல் ஆண்டான 2007ல் இந்த அணி 7-6. லூசியானா-மன்ரோவிடம்கூட சொந்த ஊரில் 21-14 என்று தோற்றது. அதை நம்மில் யாரும் கதையாகச் சொல்வதில்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டென்னசியிடம் 24-17 தோல்வி. மிசோரியை 34-0, லூசியானா ஸ்டேட்டை 42-13 என்று வென்றோம். நவம்பர் 2 அணிக்கு ஆட்டமில்லாத சனிக்கிழமை என்பதால் தீபாவளி விழாவை அன்று வைத்தோம். மன்ற வரலாற்றில் முழு வருகை அதுதான். நவம்பர் 23 ஓக்லஹோமாவிடம் 24-3 என்று தோல்வி. ஒரு டச்டவுன்கூட இல்லை. தேசியப் பட்டத்துக்கு 12 அணிகள் மோதிய முதல் பிளேஆஃப் சுற்றில் இடம் போனதற்கு வேண்டர்பில்ட்டை விட இந்த ஆட்டத்தைத்தான் நான் குற்றம் சொல்வேன். இதே மாநிலத்துப் பரம எதிரியான ஆபர்னை 28-14 என்று வென்றது ஆறுதல். டிசம்பர் 31ல் மீண்டும் மிச்சிகன், மீண்டும் தோல்வி, 19-13. மொத்தம் 9-4.

குறை என்று பார்த்தால் நம் பக்கமும் உண்டு. சனிக்கிழமை காலையில் டிவியில் சேபன் பேசுவதைக் கேட்டுவிட்டு, மதியம் டிபோர் கத்தவில்லையே என்று குறைப்பட்டோம். வேண்டர்பில்ட் ஆட்டத்தன்று மூன்று குடும்பங்கள் குழுவிலிருந்து வெளியேறின. இரண்டு திரும்பி வந்தன. ஆட்டம் முடிந்து 24 மணி நேரத்துக்குக் கோச்சைப் பற்றிக் குழுவில் எதுவும் எழுதக் கூடாது என்று செயற்குழு தீர்மானித்திருக்கிறது. இன்று பொதுக்குழு இதற்கு ஒப்புதல் தர வேண்டுகிறேன். மீறினால் அடுத்த கூட்டத்துக்குப் புளியோதரை அவர்கள் பொறுப்பு.

மில்ரோ தொழில்முறை ஆட்டத்துக்குப் போகிறார். கிரப் சியாட்டிலிலிருந்து டிபோரிடமே திரும்பி வருகிறார். முதல் ஆட்டம் 2025 ஆகஸ்ட் 30 ஃபுளோரிடா ஸ்டேட்டோடு. யார் வீட்டில் என்பதை இன்றே எழுதிக் கொடுங்கள். வேண்டர்பில்ட் அக்டோபர் 4 இங்கே வருகிறது. விஜயதசமி அக்டோபர் 2லேயே முடிந்துவிடுவதால் இந்த முறை கொலு மேல் பழி போட முடியாது.

இப்படிக்கு,
செயலாளர்