ஸ்கேனில் தெரியாவிட்டால் நோயே இல்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயுள்ள மகனைப் பற்றிக் கேட்டிருந்த தாய்க்கு, "ஸ்கேனில் ஒன்றும் இல்லையென்றால் மூளையில் கோளாறு இல்லை, சோம்பலை விட்டு வேலைக்குப் போகச் சொல்லுங்கள்" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என் தம்பிக்கும் இதே நோய்தான். குளிப்பதற்காகத் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குளியலறை வாசல்வரை வருவான். வாளியில் வெந்நீர் ஆறிப்போகும். அவன் அங்கேயேதான் நிற்பான். இதைச் சோம்பல் என்று சொந்தக்காரர்கள் சொல்லிக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நீங்களுமா ஐயா? ஒரு வேலையைத் தொடங்கவைப்பதில் முன்மூளைக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த நோயாளிகளுக்கு அங்கே ரத்த ஓட்டம் குறைந்திருப்பதை 1974இலேயே சுவீடனில் அளந்து காட்டினார்கள். 1976இல் இங்கிலாந்தில் ஈவ் ஜான்ஸ்டோன் குழுவினர், நெடுநாள் நோயாளிகளின் மூளைக்குள் இருக்கும் திரவ அறைகள் பெரிதாகியிருப்பதை சி.டி. ஸ்கேனில் கண்டார்கள். உங்களுக்குத் தெரியாததல்ல. பலருடைய படங்களைச் சேர்த்து ஒப்பிடும்போதுதான் இந்த வித்தியாசம் பிடிபடும். தனி ஒருவரின் ஸ்கேன் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். கட்டி, காயம் ஏதும் இல்லையே என்று உறுதிசெய்யத்தான் டாக்டர்கள் அதை எடுக்கச் சொல்கிறார்கள்.

யாரும் பேசாமலேயே தம்பிக்குக் காதில் குரல் கேட்கும்; அதுவும் இந்த நோயின் அறிகுறிதான். அந்த நேரத்தில் அவன் உதடு லேசாக அசையும். "நடிக்கிறான்" என்றார் பெரியப்பா. 1993இல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வில், குரல் கேட்கும் நேரத்தில் நோயாளிகளின் மூளையில் பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதியில் ரத்த ஓட்டம் கூடியிருந்தது. உள்ளுக்குள் எழும் சொந்தப் பேச்சை மூளை தன்னுடையது என்று அடையாளம் காணத் தவறுவதால்தான் அது அடுத்தவர் குரலாகக் கேட்கிறது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பெரியப்பாவுக்கு இதை யார் சொல்வது? உங்களைப் போன்ற பத்திரிகைதானே சொல்ல வேண்டும்!

வளர்ப்பு சரியில்லை என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டே என் அம்மா போய்ச்சேர்ந்தார். 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் செத்தபோது பக்கம் பக்கமாக எழுதினீர்கள். அப்புறம் வந்த உங்கள் தொடர்கதையிலேயே கொலைகாரனுக்கு இந்த நோய். அப்போதும் கடிதம் போட்டேன், பதில் இல்லை.

சரி, இப்போது கேட்பது சின்ன உதவிதான். அடுத்த இதழில் அந்தப் பதிலைத் திருத்தி, கீழே 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி இலவச எண்ணையும் போடுங்கள். அந்தத் தாய் மகனைத் திட்டி வேலைக்கு அனுப்புவதற்குள் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஸ்ரீரங்கம்