மலையேறும் வழியை எழுதுகிறீர்கள், இறங்கும் வழியையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் மலைக் கிராமங்களைப் பற்றிய பயணக் கட்டுரைகள் அடிக்கடி வருகின்றன. சந்தடி இல்லாத ஊர், மூடுபனி, இரண்டு நாள் ஓய்வு என்று படிக்கும்போதே கிளம்பத் தோன்றும். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது எல்லாம் இருக்கும். சொந்த வண்டியில் போனவர் எப்படி இறங்கி வருவது என்று ஒரு வரிகூட இருப்பதில்லை. ஏறும்போது தவறு செய்தால் பெரும்பாலும் வண்டி நின்றுவிடும். இறங்கும்போது தவறு செய்தால் வண்டி நிற்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆட்களும் சாமான்களுமாக 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் 1,500 மீட்டர் உயரத்தை இறங்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சுமார் 2.2 கோடி ஜூல் ஆற்றலை அது வழியிலேயே கழித்தாக வேண்டும். 20 டிகிரியில் இருக்கும் 65 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அவ்வளவு வெப்பம் போதும். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியைத் தாழ்ந்த கியரில் சுழன்று வண்டியைத் தடுக்கும் எஞ்சின் தாங்க வேண்டும், அல்லது சக்கரங்களில் உள்ள பிரேக் தாங்க வேண்டும். எஞ்சின் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தாங்கும். பிரேக் தாங்காது.

தாங்காமல் போவது இரண்டு விதமாக நடக்கும். சக்கரத்தோடு சுற்றும் தட்டான டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேட் அளவுக்கு மேல் சூடாகிப் பிடிப்பை இழப்பது ஒன்று. பெடல் வழக்கம்போல் கல்லாகத்தான் இருக்கும், எவ்வளவு அழுத்தினாலும் வேகம் மட்டும் குறையாது. பிரேக் ஆயில் கொதிப்பது மற்றொன்று. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் சேரும், மிதிக்கிற அழுத்தமெல்லாம் அந்தக் குமிழ்களை நசுக்குவதிலேயே போய்விடும், பெடல் பஞ்சுபோல் தரைவரை இறங்கும். டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அதே ஆயிலுக்கு விதி கேட்பது 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, 140. சமவெளியில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. எனவே ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிட்டு மலைக்குக் கிளம்புங்கள். அளவு சரியாக இருக்கிறது என்று டப்பாவைப் பார்த்துச் சொல்லும் மெக்கானிக்கிடம், மாற்றி எத்தனை நாளாயிற்று என்று கேட்க வேண்டியது நம் வேலை.

பலருக்கும் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை காற்று பட்டு டிஸ்க் ஓரளவு ஆறிக்கொண்டிருக்கும். பிரேக் நன்றாகச் சூடேறிய நிலையில் காட்சிமுனையில் படம் எடுக்க நிறுத்தினால் காற்றோட்டம் போய்விடும். டிஸ்கில் இருக்கும் சூடு மெல்ல ஆயில் பக்கம் ஏறும். பத்து நிமிடம் கழித்து வண்டியை எடுத்து முதல் வளைவில் மிதிக்கும்போதுதான் பெடல் தரைக்குப் போகும். நிறுத்தும்போது நன்றாகத்தானே இருந்தது என்ற குழப்பம் இப்படித்தான் வருகிறது. நிறுத்தும் இடத்துக்கு முந்தைய ஒன்றிரண்டு கிலோமீட்டரைப் பிரேக்கைத் தொடாமல், தாழ்ந்த கியரிலேயே நிதானமாக வந்தால் இது நேராது. மறுபடி கிளம்பும்போது வண்டி நகரும் முன்பே பெடலை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

எந்த கியரில் இறங்குவது? ஏறிய கியரில் இறங்கு என்பது பழைய விதி. இப்போதைய எஞ்சின்களுக்கு இழுவை அதிகம் என்பதால் மூன்றாவது கியரில் ஏறிவிடும் ஏற்றம்கூட இரண்டாவதில்தான் பத்திரமாக இறங்கும். அதற்கு ஒரு சோதனை உண்டு. நேரான இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டர், பிரேக் இரண்டிலிருந்தும் காலை எடுங்கள். வேகம் அப்படியே நின்றாலோ மெதுவாக ஏறினாலோ கியர் சரி. நொடிக்கொரு தரம் பிரேக்குக்குக் கால் போனால் இன்னும் ஒன்று குறைக்க வேண்டும். கியரை இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றிவிடுங்கள். வேகம் ஏறிய பிறகு குறைக்கப் போனால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எஞ்சின் சத்தமாக முனகுவது பலரைப் பயமுறுத்துகிறது. எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அந்தச் சத்தத்தால் எஞ்சினுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

டீசல், பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கணக்கே தலைகீழ். இப்போதைய வண்டிகளில் கியரில் இருந்தபடி காலை எடுத்துவிட்டு இறங்கும்போது எஞ்சினுக்குள் எரிபொருள் போவதே நின்றுவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில்தான் எஞ்சின் தானாகச் சுற்ற எரிபொருள் கேட்கும். எஞ்சினையே அணைத்து இறங்குவது உயிரோடு விளையாடுவது. எஞ்சின் ஓடும்போது உண்டாகி, பிரேக்கை மிதிக்கும் காலுக்குத் துணையாக இருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங் கனத்துப்போகும், சாவியை உருவினால் பூட்டிக்கொள்ளவும் செய்யும்.

ஆட்டோமேட்டிக் வண்டியை டி-யில் போட்டு இறங்குவதும் கிட்டத்தட்ட இந்த வகைதான். அது எரிபொருளை மிச்சப்படுத்த உயர்ந்த கியருக்குப் போகப் பார்க்கும். தாழ்ந்த கியரிலேயே வைத்திருக்க எல், 2 அல்லது எம் என்று ஒரு நிலை இருக்கும், அதைக் கையேட்டில் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஹைபிரிட் வண்டியில் பி என்று இருப்பது இதற்குத்தான். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் தங்குமிடத்தில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கக் கூடாது. இறக்கத்தில் மோட்டார் வண்டியைத் தடுத்தபடி தயாரிக்கும் மின்சாரம் பேட்டரிக்குள் போக இடம் வேண்டும். பேட்டரி நிரம்பியிருந்தால் அந்தத் தடுப்பு பெருமளவு குறைந்து, சுமை முழுவதும் சாதாரண பிரேக்கின் மேல் விழும். 80 சதவீதத்தோடு கிளம்பினால் அடிவாரம் வரும்போது கூடியே இருக்கும்.

பிரேக்கைப் பிடிக்கும் விதத்துக்கு வருகிறேன். லேசாக மிதித்தபடியே கிலோமீட்டர் கணக்கில் வருவதுதான் மிக மோசம். வளைவுக்கு முன்னால், நேரான சாலையிலேயே, அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுவதும் விட்டுவிட வேண்டும். விட்டிருக்கும் நேரத்தில்தான் அது ஆறும். முன்னால் போகும் வண்டியின் பின் சிவப்பு விளக்கு அணையவே இல்லை என்றால் அதன் பிரேக் வெந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதனோடு ஒட்டிப் போகாதீர்கள்.

கருகிய வாசனை வந்தால் அகலமான, மேலிருந்து கல் விழாத இடம் பார்த்து அரை மணி நேரம் நிறுத்துங்கள். டிஸ்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், திடீர்க் குளிர்ச்சியில் அது வளையவோ விரிசல் விடவோ செய்யும். ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பி வண்டியை விட்டு வெளியே இறங்கவும் கூடாது. சூடான டிஸ்க் ஆறும்போது சுருங்கும், இறுக்கமாகப் பிடித்திருந்த பிரேக் தானே தளரும், ஆள் இல்லாத வண்டி உருளும். வண்டி இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர், ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர். முன்சக்கரத்தை, உருண்டால் மலைப்பக்கம் போய் முட்டும்படி திருப்பி வையுங்கள். சக்கரத்துக்கு ஒரு கல்லும் கொடுங்கள், கிளம்பும்போது அதைச் சாலையிலிருந்து அப்புறப்படுத்திவிடுங்கள். நடு வழியில் விட்டுப்போன கல் இரவில் வரும் இருசக்கர வண்டியைக் கவிழ்க்கும்.

பிரேக் பிடிக்கவே இல்லை என்றால் பெடலை விட்டு விட்டு வேகமாகப் பலமுறை மிதியுங்கள், ஓரளவு அழுத்தம் சேரும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட்பிரேக்கைப் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல மெல்ல இழுங்கள், வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். அப்படியும் நிற்காவிட்டால் மலைச்சுவரில் பக்கவாட்டாக உரசி நிறுத்துங்கள். உடைந்த கதவை மாற்றிக்கொள்ளலாம்.

ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. கொண்டை ஊசி வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் கிளட்ச்சைத் தொடக் கூடாது. வரிசையில் நிற்கும்போது ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைத் தாங்கிப் பிடித்தால் கிளட்ச் கருகும், ஹேண்ட்பிரேக் போட்டு நில்லுங்கள். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். அதனால் வண்டி திணறுவது கோளாறாகாது. ஏறி வரும் வண்டிக்கு இறங்கி வருபவர் வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்றுவிட்டால் மறுபடி எடுப்பது கடினம். வளைவில் பேருந்து தெரிந்தால் அதற்கு முன்பே நின்றுவிடுங்கள். நீளமான வண்டியின் பின்சக்கரம் வளைவின் உள்பக்கத்தை அறுத்துக்கொண்டு வரும், அந்த இடத்தில்தான் நம் வண்டி நின்றிருக்கும்.

மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் நம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். லோ பீம் போதும். ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டால் நாம் திரும்பப் போவது பின்னால் வருபவருக்குத் தெரியாது. அது நின்ற வண்டிக்கு உரியது. மழைக்குப் பிறகு மேட்டிலிருந்து பொடிக்கல் உதிர்வதும், ஓடும் தண்ணீர் செம்மண் நிறமாக மாறுவதும் மண் நகரத் தொடங்கியதற்கு அடையாளமாக இருக்கலாம். அங்கே நிற்காதீர்கள்.

வாந்திக்கு ஒரு வார்த்தை. மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டால் பெரிதாகப் பலன் இருக்காது. தூக்கம் வரவழைக்கும் என்பதால் ஓட்டுபவர் அதைத் தொடக் கூடாது. குழந்தையின் கையிலிருந்து போனை வாங்கிவிட்டுத் தொலைவில் உள்ள முகட்டைப் பார்க்கச் சொன்னாலே பாதி குறையும்.

தங்குமிடம் நடத்துபவரிடம் அறை எப்படி என்று விசாரிப்பவர்கள் கடைசி மூன்று கிலோமீட்டர் எப்படி என்று கேட்பதில்லை. தார்ச்சாலையா, மண் பாதையா? தாழ்வான கார் அடி தட்டாமல் வருமா? மழை பெய்தால்? எதிரே வண்டி வந்தால் ஒதுங்க எங்கே இடம்? திருப்ப இடம் இருக்கிறதா, ரிவர்ஸில்தான் வர வேண்டுமா? இதையெல்லாம் போனில் கேட்டுவிடுங்கள். போன் வரைபடம் காட்டும் குறுக்குவழி தோட்டத்து ஜீப் தடமாக இருக்கக்கூடும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், மேலே சிக்னல் இல்லாமல் போகலாம். மலைப்பாதையில் மணிக்கு 20, 25 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்தால் 40 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் வரை ஆகும். முகட்டுக்குப் பின்னால் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஊருக்குள் இருக்கும்படி கிளம்புங்கள்.

அமைதியைத் தேடிப் போகிறோம் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கும், அதற்கு மேலே சற்றுச் சூடான காற்று நிற்கும். அப்போது மேல்நோக்கிப் போகும் ஒலி வளைந்து திரும்பவும் தரைக்கே வரும். பகலில் பத்து வீட்டோடு நின்றுபோகும் பாட்டு, இரவில் எதிர்ச்சரிவில் தூங்குபவர் காதுக்கும் போகும். காரில் பாட்டை நிறுத்துவது, கதவை மெல்லச் சாத்துவது, ரிமோட் பூட்டு ஒலியை அணைத்து வைப்பது எல்லாம் அந்த ஊருக்கு நாம் செய்யும் மரியாதை. ஊற்றுத் தண்ணீரை நம்பி இருக்கும் ஊரில் கோடையில் வண்டி கழுவக் கேட்காதீர்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கை அதே வண்டியில் கீழே கொண்டுவாருங்கள். மேலே அதைச் சேர்க்க நல்ல இடம் அநேகமாக இருக்காது.

தங்களிடம் வைக்கும் வேண்டுகோள் சிறியது. ஒவ்வொரு மலைப் பயணக் கட்டுரைக்கும் கீழே ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். அடிவாரத்தின் உயரம், ஊரின் உயரம், இடையே மலைப்பாதை எத்தனை கிலோமீட்டர், எத்தனை கொண்டை ஊசி வளைவுகள், கடைசி எரிபொருள் நிலையம் எங்கே, கடைசி மூன்று கிலோமீட்டர் எப்படிப்பட்ட பாதை. இந்த ஆறு விவரமும் ஐந்து வரியில் அடங்கும். 30 கிலோமீட்டரில் 1,200 மீட்டர் இறக்கம் என்று அச்சில் பார்க்கிற வாசகர், நூறு மீட்டருக்கு நான்கு மீட்டர் என்று தானே கணக்குப் போட்டுக்கொள்வார். பிரேக் ஆயில் மாற்றி எத்தனை நாளாயிற்று என்ற நினைப்பும் அப்போதே வரும்.

இப்படிக்கு,
மலைப்பாதையில் வண்டி ஓட்டக் கற்றுத்தரும் ஒரு வாசகர்